ஆள் இல்லாத மனை கொசுப்பண்ணை ஆனால் யாரைப் பிடிப்பது?

சென்னையில் எந்தப் பேட்டைக்குப் போனாலும் இப்படி ஓர் இடம் இருக்கும். சுற்றுச்சுவர் இடிந்த காலி மனை. அல்லது கூரை போன பழைய வீடு. உள்ளே முள்செடி, உடைந்த தொட்டி, பழைய டயர், இளநீர்க் கூடு.

சொந்தக்காரர் யார்? கேட்டுப் பாருங்கள்.

"அவரு வெளிநாட்டுல இருக்காருங்க" என்பார்கள். "அண்ணன் தம்பி கேசுங்க, கோர்ட்டுல கிடக்கு" என்பார்கள்.

கேசு தூங்கலாம். கொசு தூங்குமா?

பகலில் கடிக்கும்

டெங்குக் கொசு நாறும் சாக்கடையைத் தேடிப் போவதில்லை. மழை பெய்து தேங்கிய தெளிந்த தண்ணீரில்தான் முட்டை இடுகிறது. ஒரு கொட்டாங்குச்சித் தண்ணீர் போதும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்து விடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும்.

இந்தக் கொசு நெடுந்தூரம் பறக்காது. ஆகவே, உங்கள் குழந்தையைப் பட்டப்பகலில் கடித்தது பெரும்பாலும் உங்கள் தெருக் கொசுதான்!

(அந்த இளநீர்க் கூட்டை உள்ளே வீசியது யார்? வெளிநாட்டுச் சொந்தக்காரரா? சுவர் ஓரமாக நடந்து போன நாம்தான்.)

செலவு அவர் தலையில்

சென்னை மாநகராட்சிக்கு 1913 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். 1939-ம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன்படி, சுகாதார அதிகாரி சொந்தக்காரருக்கு நோட்டீசு கொடுக்கலாம். அவர் அசையாவிட்டால், ஆள் விட்டுச் சுத்தம் செய்து, செலவை அவரிடமே வசூலிக்கலாம்.

ஆனால் நடப்பது என்ன? பல இடங்களில் நோட்டீசு சுவரில் ஒட்டப்படுகிறது. மழை வந்து அதையும் கரைக்கிறது.

இன்னொரு கதவு

இதற்கும் வழி உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 133-வது பிரிவு. 2024 ஜூலை முதல், வாயில் நுழையாத பெயர் கொண்ட புதிய சட்டத்தில் 152-வது பிரிவு. விழப்போகும் வீடு, ரோட்டோரத்தில் வேலி இல்லாத கிணறு, ஊருக்குத் தொல்லை தரும் இடம் எதுவானாலும் "அகற்று, அல்லது நேரில் வந்து காரணம் சொல்" என்று கலெக்டர், ஆர்.டி.ஓ. போன்றவர்கள் உத்தரவு போடலாம். முறைப்படி போட்ட உத்தரவை சிவில் கோர்ட்டில் கேள்வி கேட்க முடியாது.

நகராட்சிக்கே உத்தரவு

மாநகராட்சியே சும்மா இருந்தால்?

மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம் என்று ஓர் ஊர். திறந்த சாக்கடை நாற்றம் தாங்காத ஒரு வார்டு மக்கள், இதே 133-வது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். "சரி செய்" என்று நகராட்சிக்கு உத்தரவு வந்தது. நகராட்சி விடவில்லை. "எங்களிடம் பணம் இல்லை" என்று சுப்ரீம் கோர்ட்டு வரை போனது.

1980-ல் தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். பணம் இல்லை என்ற சாக்கு செல்லாது என்று சொல்லி, அப்பீலைத் தள்ளி விட்டார்.