நீலத்தாளும் 24ஆம் கட்டமும்

அமெரிக்கப் படையிலிருந்து வெளியேறும் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுக்கப்படுகிறது. டிடி 214 என்பது அதன் பெயர். 1950 முதல் புழக்கத்தில் இருக்கிறது. எப்போது சேர்ந்தார், எங்கெங்கே இருந்தார், என்னென்ன பதக்கம் வாங்கினார் என்பதெல்லாம் மேலே இருக்கும். கடைசிப் பட்டையில், 24ஆம் கட்டத்தில், அவருடைய பணியின் தன்மை இரண்டு மூன்று சொற்களில் அச்சாகியிருக்கும். ‘கௌரவமானது’ என்றிருந்தால் படைவீரர் மருத்துவமனையும், கல்லூரிச் செலவும், வீட்டுக்கடன் உத்தரவாதமும், இறந்தபின் தேசியக் கல்லறையில் இடமும் உண்டு. அதற்கு ஒரு படி கீழே ‘பொது’ விடுவிப்பு. அதில் கல்லூரிச் செலவு போய்விடும், மற்றவை பெரும்பாலும் தங்கும். ‘கௌரவமற்ற சூழலில்’ என்றிருந்தால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. அதற்கும் கீழே உள்ள இரண்டு படிகளைப் படைநீதிமன்றம்தான் விதிக்க முடியும். இந்தப் பட்டை இல்லாத சுருக்க நகல் ஒன்றும் கையில் தருவார்கள். ஆனால் வேலைக்குப் போகும் இடத்தில் முழு நகலைக் கேட்பார்கள்.

அன்று இவ்வளவு படிக்க வேண்டியதில்லை. தாளின் நிறமே போதும். 1916 முதல் 1947 வரை, கௌரவமும் இல்லாமல் தண்டனையும் இல்லாமல் ஒருவரை வெளியே அனுப்ப நீலத்தாளில் அச்சிட்ட விடுவிப்பைக் கொடுத்தார்கள். குற்றப்பத்திரிகை கிடையாது, படைநீதிமன்றம் கிடையாது. படைக்கு ஒத்துவராதவர் என்று மேலதிகாரி முடிவுசெய்தால் போதும். 1941 டிசம்பர் முதல் 1945 ஜூன் வரை தரைப்படை கொடுத்த நீலத்தாள்கள் 48,603. அவற்றில் 10,806 கறுப்பின வீரர்களுக்குப் போயின. படையில் அவர்கள் பங்கு 6.5 விழுக்காடு, நீலத்தாளில் அவர்கள் பங்கு 22 விழுக்காட்டுக்கு மேல். ஓரினச்சேர்க்கையர் என்று சந்தேகிக்கப்பட்டவர்களுக்கும் இதே தாள்தான். பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பின வார இதழ் 1945இல் இதை எதிர்த்து இயக்கமே நடத்தியது. மறு ஆண்டு நாடாளுமன்றக் குழு ஒன்று இதைக் கண்டித்து அறிக்கை கொடுத்தது. 1947இல் நீலத்தாள் ஒழிந்தது. அதன் வேலையை ‘பொது’, ‘விரும்பத்தகாதவர்’ என்ற இரண்டு புதிய வகைகள் பங்கிட்டுக்கொண்டன.

நீலத்தாளுக்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. 1906 ஆகஸ்ட் 13 நள்ளிரவில் டெக்சாஸின் பிரவுன்ஸ்வில் ஊரில் சில நிமிடங்கள் துப்பாக்கிச் சூடு நடந்தது. மதுக்கடைப் பணியாளர் ஒருவர் இறந்தார். பக்கத்து முகாமில் இருந்த 25ஆம் காலாட்படையின் கறுப்பின வீரர்கள்தான் சுட்டார்கள் என்று ஊர் சொன்னது. யார் சுட்டது என்று எவரும் சொல்லாததால், அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 167 பேரையும் விசாரணையின்றி, கௌரவம் இன்றி விடுவித்தார். மிங்கோ சாண்டர்ஸ் என்ற முதல்நிலை சார்ஜென்ட் கால் நூற்றாண்டுப் பணியை முடித்து ஓய்வூதியத்தை நெருங்கிக்கொண்டிருந்தவர். அவருக்கும் அதே கதி. முறையிட ஒரு வாரியம் என்பதே அன்று இல்லை. 1909இல் அமைக்கப்பட்ட விசாரணை மன்றம் ஒன்று, காரணம் சொல்லாமல், 14 பேர் மட்டும் மீண்டும் சேரலாம் என்றது. மற்றவர்களுக்கு நீதி கிடைத்தது 1972இல். தரைப்படை எல்லோருடைய விடுவிப்பையும் கௌரவமானதாக மாற்றியது. பெரும்பாலோருக்கு அது இறந்தபின் கிடைத்த கௌரவம். அப்போது உயிரோடு இருந்த டார்சி வில்லிஸ், மினியாபொலிஸ் நகரத்து முடிதிருத்தும் கடை ஒன்றில் ஏறத்தாழ அறுபது ஆண்டு தரை கூட்டி, காலணிக்கு மெருகு போட்டுப் பிழைத்தவர். 1973இல் தம் 87ஆவது வயதில் சான்றிதழை வாங்கிக்கொண்டார். 25,000 டாலர் இழப்பீடும் வந்தது. அறுபத்தாறு ஆண்டுகளால் வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 380 டாலருக்குக் கொஞ்சம் குறைவு.

முறையிடுவதற்கு ஓர் இடம் உண்டானது 1944இல். போரிலிருந்து திரும்புவோருக்குக் கல்வியும் கடனும் தந்த அதே சட்டத்தின் ஒரு பிரிவு, ஐவர் கொண்ட விடுவிப்பு மறுஆய்வு வாரியங்களை அமைத்தது. வெளியேறி 15 ஆண்டுக்குள் மனுச்செய்ய வேண்டும். பொதுப் படைநீதிமன்றத் தண்டனையை இவை தொட முடியாது. தொடக்கூடிய இன்னொரு வாரியம் 1946இல் வந்தது: குடிமக்கள் அமர்ந்து படைப்பதிவுகளைத் திருத்தும் வாரியம். மூன்று ஆண்டுக் காலக்கெடு அதற்கு உண்டு என்றாலும், நீதியின் பொருட்டு அதைத் தள்ளிவைக்கலாம். இன்றும் இந்த இரண்டு வாசல்கள்தாம். முதலாவதற்கு டிடி 293 என்ற படிவம், இரண்டாவதற்கு டிடி 149. அந்த 15 ஆண்டும் இன்றுவரை அப்படியே இருக்கிறது.

வியட்நாம் போர்க்காலத்தில் இந்த வாசல்களில் கூட்டம் சேர்ந்தது. படைநீதிமன்றத்தை எதிர்கொள்வதற்குப் பதில், ‘பணியின் நலன் கருதி’ விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் சில வாரங்களில் வீட்டுக்குப் போகலாம். பத்தொன்பது இருபது வயதுப் பையன்கள், போர்முனையிலிருந்து திரும்பி உறக்கமில்லாமல் அலைந்தவர்கள், அனுமதியின்றி ஊருக்குப் போய்விட்டுச் சிக்கியவர்கள், படித்தும் படிக்காமலும் கையெழுத்திட்டார்கள். ஆறு மாதத்தில் தானாகவே கௌரவமானதாக மாறிவிடும் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. அப்படி ஒரு விதி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இந்தப் பொய்க்கு வயதே ஆவதில்லை. இன்று வரும் மனுக்களிலும் ‘ஆறு மாதம் என்று சொன்னார்களே’ என்ற வரி இருக்கிறது, தானாக மாறாது என்று வாரியங்களும் அலுக்காமல் பதில் எழுதுகின்றன. அன்றைய டிடி 214இல் வேறொரு கண்ணியும் இருந்தது. விடுவிப்புக்கான காரணத்தைக் குறிக்கும் எண்கள் அதில் இருக்கும்; அவற்றின் பொருள்பட்டியல் வேலை தருவோரின் கைக்கும் போய்ச்சேர்ந்தது. கௌரவமான விடுவிப்பு பெற்றவரைக்கூட அந்த எண் காட்டிக்கொடுத்தது. 1974இல்தான் வெளியே காட்டும் நகல்களிலிருந்து அது நீக்கப்பட்டது.

வாரியங்கள் அன்று மனுவை நிராகரித்தால் ஏன் என்று சொல்லும் வழக்கம் இல்லை. 1970களில் வாஷிங்டனில் நடந்த ஒரு வழக்கின் விளைவாக, காரணத்தை எழுத்தில் தரவும், பழைய முடிவுகளைப் பிறர் படிக்கத் திறந்துவைக்கவும் அவை ஒப்புக்கொண்டன. மாற்றங்களிலேயே இதைத்தான் நான் பெரிதென்று சொல்வேன். காரணம் தெரிந்தால்தான் அடுத்தவர் தம் மனுவை எப்படி எழுதுவது என்று யோசிக்க முடியும்.

1977இல் அதிபர் கார்ட்டர் வியட்நாம் காலத்தவருக்கென்று ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தனி மறுஆய்வுத் திட்டம் ஒன்றை நடத்தினார். அது முடிந்த அதே வாரத்தில் நாடாளுமன்றத்தின் சட்டம் வந்தது: அந்தத் திட்டத்தில் உயர்த்தப்பட்ட விடுவிப்புகளை மறுபடி வழக்கமான அளவுகோலால் அளக்க வேண்டும், அதில் தேறாதவர்களுக்குச் சலுகை இல்லை. தாள் மாறியும் வாழ்க்கை மாறாதவர்கள் அப்படிப் பலர்.

அந்தக் காலத்து மனுக்களில் இல்லாத ஒரு சொல் பிறகு வந்தது. போரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் 1980இல்தான் இடம்பெற்றது. 1970இல் வெளியேற்றப்பட்டவரின் கோப்பில் அந்த நோய் எப்படி இருக்கும்? குடி, கைகலப்பு, தலைமறைவு என்று நடத்தை மட்டுமே பதிவாகியிருக்கும். நோய் இருந்ததற்கு அக்காலத்துச் சான்று எங்கே என்று பல ஆண்டுகள் வாரியங்கள் கேட்டுக்கொண்டிருந்தன. 2014 மார்ச்சில் யேல் சட்டக்கல்லூரியின் உதவியோடு வியட்நாம் வீரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில், தாமே வியட்நாமில் போரிட்டவரான பாதுகாப்புச் செயலர் சக் ஹேகல், இத்தகைய மனுக்களைத் தாராள மனத்துடன் பார்க்கும்படி சுற்றறிக்கை அனுப்பினார். யேல் 2015இல் வெளியிட்ட கணக்குப்படி, இவ்வகை மனுக்களில் தரைப்படையின் திருத்த வாரியம் 2013இல் ஏற்றவை 3.7 விழுக்காடு, சுற்றறிக்கைக்குப் பின் 45 விழுக்காடு. சட்டம் மாறவில்லை, வாரியம் மாறவில்லை. படிக்கும் கண் மாறியது.

2017இல் வந்த இன்னொரு சுற்றறிக்கை அந்தக் கண்ணுக்கு நான்கு கேள்விகளைக் கொடுத்தது. குற்றத்தைத் தணிக்கக்கூடிய நோயோ அனுபவமோ இவருக்கு இருந்ததா? அது பணிக்காலத்தில் இருந்ததா? அது உண்மையிலேயே குற்றத்தைத் தணிக்கிறதா? தணித்தபின் மிஞ்சும் குற்றத்தைவிட அது கனமானதா? பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் இது பொருந்தும். முறையிட்டதற்கான காகிதம் இல்லை என்பதை அவர்களுக்கு எதிராகப் பார்க்கக் கூடாது. வீரரின் சொந்த வாக்குமூலமே சான்றாகலாம். மறு ஆண்டுச் சுற்றறிக்கை, பழைய சிறு தவறையும் அதன்பின் அவர் வாழ்ந்த நல்வாழ்வையும் எடைபோடச் சொன்னது. 1945இல் ஒரு மேலதிகாரியின் எரிச்சல் போதுமாயிருந்த இடத்தில் இன்று இவ்வளவு கேள்விகள்.

எட்வர்ட் ஸ்பைர்ஸ் கதையில் அன்றும் இன்றும் ஒருசேர நிற்கின்றன. 1946இல் விமானப்படையில் சேர்ந்து மதகுருவுக்கு உதவியாளராக இருந்தவர். ஹாலோவீன் விருந்து ஒன்றுக்கு ஆக்சிடால் சோப்புத்தூள் விளம்பரத்தின் மினுமினுப்பாக வேடமிட்டுப் போனார். பார்த்தவர் ஒருவர் சந்தேகப்பட்டார், விசாரணை வந்தது, 1948இல் ‘விரும்பத்தகாதவர்’ என்ற விடுவிப்பு. முதுமையில் அவர் கேட்டது பணம் அன்று, படைவீரருக்குரிய அடக்கம். மனுவுக்குக் கிடைத்த பதில், கோப்பு இல்லை. செயின்ட் லூயிஸ் அருகே தேசியப் பணியாளர் ஆவணக் கிடங்கில் 1973 ஜூலை 12 அன்று பற்றிய தீயில் 1.6 முதல் 1.8 கோடிக் கோப்புகள் அழிந்தன. 1947 முதல் 1964 வரை வெளியேறிய விமானப்படையினரில், அகரவரிசைப்படி ஹப்பார்ட் என்ற பெயருக்குப் பின் வருவோரின் கோப்புகளில் நான்கில் மூன்று பங்கு போய்விட்டது. நகல் கிடையாது, அட்டவணையும் கிடையாது. தம்மைக் களங்கப்படுத்திய காகிதம் எரிந்துபோனதே அந்தக் களங்கத்தைத் துடைக்கத் தடையானது. யேல் மாணவர்கள் வழக்குப் போட்ட பின், 2017 ஜனவரியில், 91ஆவது வயதில் அவருக்குக் கௌரவமான விடுவிப்பு கிடைத்தது. மறு ஆண்டு, 1955இல் அதே காரணத்துக்காக வெளியேற்றப்பட்ட ஹெலன் கிரேஸ் ஜேம்ஸ் தம் 90ஆவது வயதில் அதைப் பெற்றார்.

இன்று மனுவை இணையவழியே அனுப்பலாம். மறுஆய்வு வாரியத்தின் முன் காணொளியிலோ தொலைபேசியிலோ பேசலாம். முன்பு வாரியக் குழுக்கள் வாஷிங்டனுக்கு வெளியே வந்து அமர்வதுண்டு. மனுதாரர் கோட்டு மாட்டிக்கொண்டு, மனைவியைச் சாட்சியாக அழைத்துக்கொண்டு எதிரே உட்காரலாம். பயணச் செலவு மிச்சமானது நல்லதுதான். ஆனால் முகத்தைப் பார்த்து ஒரு மனிதனை நம்புவதும் சந்தேகிப்பதும் திரையில் அதே அளவில் நடக்குமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பதிவுத் திருத்த வாரியமோ அன்றும் இன்றும் பெரும்பாலும் காகிதத்தை மட்டுமே பார்க்கிறது, நேர்விசாரணை அபூர்வம். ஆண்டுக்கு மேல் காத்திருப்பதும் வழக்கமாகவே இருக்கிறது. 2021 முதல், இரண்டு வாரியங்களும் கைவிரித்தால் கடைசியாகப் போக மேல்முறையீட்டு வாரியம் ஒன்றும் உண்டு.

வாசல் அகலமான அதே காலத்தில் வெளியே நிறுத்தப்படுவோரின் விழுக்காடும் பெருகியிருக்கிறது. ஹார்வர்டு சட்டக்கல்லூரியின் மையம் ஒன்று தயாரித்து 2016இல் வெளியான அறிக்கையின்படி, அடிப்படைச் சேவைகளிலிருந்து விலக்கப்பட்டோர் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் 1.7 விழுக்காடு, வியட்நாம் காலத்தில் 2.8 விழுக்காடு, 2001க்குப் பின் பணியாற்றியவர்களில் 6.5 விழுக்காடு. நீலத்தாள் காலத்தை இருண்ட காலம் என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் உறுத்த வேண்டும். அன்று நடைமுறை கொடியது, விழுக்காடு குறைவு. இன்று நடைமுறை நாகரிகமானது, விழுக்காடு அதிகம்.

அண்மையில் அரசு மொத்தமாகவும் சில தவறுகளைத் திருத்தியிருக்கிறது. 1917 ஹூஸ்டன் கலவரத்துக்காகத் தண்டிக்கப்பட்ட 110 கறுப்பின வீரர்களின் தீர்ப்புகள் 2023 நவம்பரில் ரத்தாயின. அவர்களில் 19 பேர் தூக்கிலிடப்பட்டவர்கள். 1944இல் போர்ட் சிகாகோ வெடிவிபத்துக்குப் பின் மீண்டும் வெடிமருந்து ஏற்ற மறுத்துத் தண்டனை பெற்ற மாலுமிகள் 2024 ஜூலையில் குற்றமற்றவர்கள் ஆனார்கள். இவர்கள் யாரும் அதைக் காண இல்லை.

இன்னொரு திருத்தம் உயிரோடு இருப்போருக்கானது. ஓரினச்சேர்க்கையரை விலக்கிய 1993ஆம் ஆண்டுக் கொள்கை 2011இல் முடிந்தது. அதன்கீழ் வெளியேறியவர்கள் ஏறத்தாழ 13,500 பேர். உரிமை இருந்தும் பெரும்பாலோர் மனுச்செய்யவில்லை. சிலருக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. சிலருக்குப் பழையதைக் கிளற மனமில்லை. 2023இல் பாதுகாப்புத் துறை, மனு வருவதற்குக் காத்திராமல் தானே கோப்புகளை எடுத்துப் பார்த்தது. 851 வழக்குகள். ஓராண்டு வேலை. 96.8 விழுக்காட்டினருக்கு நிவாரணம்.

மனநோயோடு வெளியேற்றப்பட்டவர்களுக்கும், வன்முறைக்கு ஆளாகி வெளியேற்றப்பட்டவர்களுக்கும் இது செய்யப்படவில்லை. அவர்கள் இன்னமும் டிடி 293ஐத் தாமே நிரப்பி, தமக்கு நேர்ந்ததைத் தாமே எழுதி, சான்றுகளைத் தாமே தேடி அனுப்ப வேண்டும். இதைச் செய்யத் திராணி இருப்பவர்களுக்குத்தான் புதிய விதிகள் பயன்படுகின்றன. 851 கோப்புகளைக் கேட்காமலே திறக்க முடிந்த அரசு, மற்றக் கோப்புகளையும் அப்படித் திறக்க வேண்டும்.