சர்வர் பெரிதாகியும் இணையதளம் மந்தம்: சேமிப்பகத் தாமதம் ஏன் முக்கியம்?

புனே: புனே நகரின் கிழக்கே, சோலாப்பூர் சாலையில் அமைந்துள்ள ஹடப்சர் ஒரு காலத்தில் வயல்கள் சூழ்ந்த பகுதி. விவசாயிகள் தங்கள் நிலங்களை ஒன்றுசேர்த்து உருவாக்கிய மகர்பட்டா நகரில் இன்று மென்பொருள் நிறுவனங்களின் அலுவலகங்கள் நிறைந்துள்ளன. எனினும் அங்கு உருவாகும் மென்பொருள்களில் பல, மேகக்கணி எனப்படும் கிளவுட் சர்வர்களிலேயே வாடகைக்கு இயங்குகின்றன.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தனது அஸூர் சேவைக்கான தரவு மையங்களை 2015 செப்டம்பரில் புனே, சென்னை, மும்பை நகரங்களில் தொடங்கியது. அமேசானின் மும்பை மையம் 2016 ஜூனில் செயல்பாட்டுக்கு வந்தது. பயனருக்கும் சர்வருக்கும் இடையிலான தூரம் இதனால் வெகுவாகக் குறைந்தது. ஆனால், இணையதளம் மந்தமாக உள்ளது என்ற புகார்கள் நிற்கவில்லை. அத்தகைய வேளையில் கூடுதல் செயலிகள் கொண்ட சர்வருக்குப் பணம் செலுத்துவதே வழக்கம். குறை சேமிப்பகத்தில் இருந்தால் அந்தச் செலவு வீண்.

ஒரு தரவைக் கேட்ட கணத்திலிருந்து அது கைக்கு வரும் வரை ஆகும் நேரமே சேமிப்பகத் தாமதம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி ஆகும். படிக்கும் முனை உரிய இடத்துக்கு நகரும் நேரத்தையும் சேர்த்தால், ஒரு தரவை எடுக்கச் சராசரியாக 12 மில்லி விநாடி தேவை. ஒளியிழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஹடப்சரிலிருந்து ஏறத்தாழ 900 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்கு நேர்கோட்டில் சென்று திரும்ப அதற்கு 9 மில்லி விநாடி போதும். அதாவது, சென்னைக்குப் போய்வரும் நேரத்தைவிட வட்டுக்குள் காத்திருக்கும் நேரம் அதிகம். என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி.யில் இதே வேலை ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும்.

ஒரு பக்கத்தைத் திறக்க, ஒன்றன் விடையைப் பொறுத்து மற்றொன்று என 20 முறை தரவுத்தளத்தைப் படிக்க வேண்டியிருந்தால், 12 மில்லி விநாடி 240 ஆகிவிடுகிறது. பணப் பரிவர்த்தனையில் நெருக்கடி இன்னும் கடுமையானது. பதிவு வட்டில் உறுதியாக எழுதப்பட்ட பின்னரே "செலுத்தப்பட்டது" என்று தரவுத்தளம் கூறலாம். ஓர் எழுத்துக்கு 10 மில்லி விநாடி ஆனால், ஒரு தனி இணைப்பில் விநாடிக்கு 100 பரிவர்த்தனைகளுக்கு மேல் சாத்தியமில்லை. அந்நேரத்தில் செயலி சும்மா இருக்கும்; வாடிக்கையாளரோ பொறுமையிழந்து மீண்டும் பொத்தானை அழுத்துவார். வரிசை மேலும் நீளும்.

கிளவுட் நிறுவனங்கள் விளம்பரங்களில் முன்னிறுத்தும் ஐ.ஓ.பி.எஸ். என்ற எண், ஒரு விநாடியில் எத்தனை கோரிக்கைகள் நிறைவேறும் என்பதையே காட்டுகிறது. ஒரு கோரிக்கை எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பதைக் காட்டாது. அமேசானின் ஜி.பி.2 வகைச் சேமிப்பகத்தில் 100 ஜிகாபைட் எடுத்தால் நிரந்தர அளவு 300 மட்டுமே. சேர்த்து வைத்த கையிருப்பைக் கொண்டு அது 3,000 வரை உயரலாம். ஆனால் முழு வேகத்தில் சுமார் 33 நிமிடங்களில் கையிருப்பு தீர்ந்துவிடும். பத்து நிமிடச் சோதனையில் இது தெரியவராது. 2020 டிசம்பரில் அறிமுகமான ஜி.பி.3 வகையில் கொள்ளளவு எதுவாயினும் 3,000 அடிப்படை அளவாக உள்ளது.

சராசரியும் ஏமாற்றக்கூடியது. நூறில் ஒரு வாசிப்பு மட்டுமே தாமதமானாலும், 20 வாசிப்புகள் கொண்ட பக்கங்களில் சுமார் 18 சதவீதம் அந்தத் தாமதத்தில் சிக்கும்.

2011 ஏப்ரலில் அமேசானின் அமெரிக்கக் கிழக்கு மையத்தில், நெட்வொர்க் மாற்றம் ஒன்றில் நேர்ந்த பிழையால் சேமிப்பகங்கள் உறைந்தன. சர்வர்கள் இயங்கியபோதும் ரெடிட், குவோரா உள்ளிட்ட தளங்கள் முடங்கின.

அடிக்கடி தேவைப்படும் தரவை நினைவகத்தில் வைப்பது எளிய தீர்வு. சர்வருடன் நேரடியாக இணைந்த என்.வி.எம்.இ. வட்டு மிக விரைவானது. ஆனால் சர்வரை நிறுத்தினால் அதிலுள்ள தரவும் போய்விடும் என்பதால், அசல் பதிவேட்டை அதில் மட்டும் வைக்க இயலாது. லினக்ஸ் சர்வர்களில் 'ஐயோஸ்டாட்' என்ற கட்டளை ஒவ்வொரு வட்டின் காத்திருப்பு நேரத்தையும் மில்லி விநாடியில் காட்டும். செயலியின் பயன்பாடு குறைவாகவும் இந்த எண் உயர்ந்தும் இருந்தால், மாற்ற வேண்டியது சர்வரை அல்ல, வட்டை.