பிராகா வானியல் கடிகாரம்

பிராகா வானியல் கடிகாரம் என்பது செக் குடியரசின் தலைநகரான பிராகாவில், பழைய நகர மண்டபத்தின் தென்சுவரில் அமைந்துள்ள பொதுக் கடிகாரம் ஆகும். செக் மொழியில் இது 'ஓர்லோய்' எனப்படுகிறது. 1410 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இது, இன்றும் இயங்கிவரும் வானியல் கடிகாரங்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது.

அமைப்பு

இக்கடிகாரம் மூன்று பகுதிகளைக் கொண்டது. நடுவிலுள்ள வானியல் முகப்பு, சூரியன், சந்திரன் ஆகியவற்றின் நிலைகளையும் சந்திரனின் பிறைகளையும் காட்டுகிறது. கோப்பர்னிக்கசின் காலத்துக்கு முற்பட்டது என்பதால், இதன் மையத்தில் புவி உள்ளது. வெளி வளையம், சூரியன் மறையும் நேரத்திலிருந்து 24 மணிகளை எண்ணும் பழைய செக் முறையைக் காட்டுகிறது. கீழ்ப்பகுதியில் நாட்காட்டித் தட்டு உள்ளது. மேற்பகுதியில், பகல் வேளையில் ஒவ்வொரு மணிக்கும் இரு சாளரங்களின் வழியே இயேசுவின் திருத்தூதர்களின் சிலைகள் வலம் வருகின்றன. அப்போது முகப்பின் ஓரத்திலுள்ள எலும்புக்கூட்டு உருவம் மணியடிக்கிறது.

இயங்கும் முறை

ஒரே அச்சில் அமைந்த மூன்று பெரிய பற்சக்கரங்களுக்கு முறையே 365, 366, 379 பற்கள் உள்ளன. இவற்றை ஒரே அளவான சிறு பற்சக்கரங்கள் சுழற்றுகின்றன. சூரியனுக்குரிய 366 பற்கள் கொண்ட சக்கரம் 24 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. இராசி வளையத்துக்குரிய 365 பற்கள் கொண்ட சக்கரம், ஒரு பல் குறைவு என்பதால், 23 மணி 56 நிமிடங்களில் சுற்றி முடிக்கிறது. இது விண்மீன்களைச் சார்ந்து அளக்கப்படும் நாளின் நீளம் ஆகும். சந்திரனுக்குரிய சக்கரம் சுமார் 24 மணி 51 நிமிடங்கள் எடுத்துக்கொள்கிறது.

உருவாக்கியவர் யார்?

ஹனுஷ் என்பவரே இதனை உருவாக்கினார் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. இதுபோன்ற கடிகாரத்தை வேறு நகருக்கு அவர் செய்து கொடுக்காதபடி நகர மன்றத்தினர் அவரது கண்களைக் குருடாக்கினர் என்றும், அவர் பழிவாங்கும் பொருட்டுக் கடிகாரத்தைப் பழுதாக்கினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. 16 ஆம் நூற்றாண்டில் கடிகாரத்தைப் பழுதுபார்த்த யான் தாபோர்ஸ்கியும் தமது குறிப்பில் ஹனுஷையே குறிப்பிட்டார். எனினும், 1410 அக்டோபர் 9 ஆம் நாளிட்ட ஆவணம் ஒன்று, இதனைச் செய்தவர் காடான் ஊரைச் சேர்ந்த மிக்குலாஷ் என்று தெரிவிக்கிறது. 20 ஆம் நூற்றாண்டில் இவ்வாவணம் ஆய்வாளர்களின் கவனத்துக்கு வந்த பின்னரே அவருக்குரிய பெருமை மீண்டும் கிடைத்தது. வானியல் கணக்கீடுகளைச் செய்தவர் சார்லஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் யான் ஷிண்டெல் எனக் கருதப்படுகிறது.

பிற்கால வரலாறு

1866 இல் யோசெப் மானெஸ் வரைந்த நாட்காட்டித் தட்டு சேர்க்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945 மே மாதம் நிகழ்ந்த பிராகா எழுச்சியின்போது, செருமானியப் படையினரின் தாக்குதலால் நகர மண்டபம் தீப்பற்றியது. திருத்தூதர்களின் மரச் சிலைகள் எரிந்தன. இயந்திரமும் கடுமையாகச் சேதமுற்றது. சிலைகள் புதிதாகச் செதுக்கப்பட்டு, 1948 இல் கடிகாரம் மீண்டும் இயங்கத் தொடங்கியது. 2018 இல் இது விரிவாகப் புதுப்பிக்கப்பட்டது.