நெய்தலில் விளைந்த பாலை இசை

சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், முட்டுக்காட்டுக் கழிமுகத்தைத் தாண்டியதும் வருகிற கோவளம், கட்டுமரமும் வலையுமாகப் பல தலைமுறைகள் வாழ்ந்துவரும் மீனவர் ஊர். அண்மை ஆண்டுகளில் அது அலைச்சறுக்கு விளையாட்டுக்கும் பெயர் பெற்றுவிட்டது. மீனவரான மூர்த்தி மேகவன், தாமே முயன்று பயின்ற அந்த வித்தையை ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது 2012-இல் ஒரு பள்ளியாக உருப்பெற்றது. 2013-இல் அலைச்சறுக்கையும் சங்கீதத்தையும் இணைத்த விழா ஒன்றும் அங்கே பிறந்தது. அலையையும் கிடாரையும் ஓரிடத்தில் கூட்டுவது இக்காலத்துப் புதுமோகம் என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் அந்த உறவுக்கு வயது அறுபதுக்கு மேல். அதன் கிளைகளில் ஒன்றுதான், குதிரையும் புழுதியும் துப்பாக்கியுமாக நாம் வெண்திரையில் கண்ட கௌபாய் படங்களின் இசையில் போய்க் கலந்தது.

அமெரிக்க மேற்குப் பிரதேசத்தைக் கதைக்களமாகக் கொண்டு இத்தாலியர்கள் எடுத்த படங்களுக்கு, அவர்களுடைய உணவின் பெயராலேயே ‘ஸ்பாகெட்டி வெஸ்டர்ன்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. செர்ஜியோ லியோனி 1964-இல் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ படத்தை எடுத்தபோது, அமெரிக்கப் பாலைநிலமாக நமக்குக் காட்டப்பட்ட இடங்களுள் ஒன்று ஸ்பெயினின் தென்கிழக்கில், மத்தியதரைக் கடலை அடுத்துள்ள அல்மேரியாப் பகுதி. இசையமைத்தவரோ, லியோனியின் பள்ளித் தோழரும், ரோமாபுரியில் டிரம்பெட் பயின்று சாஸ்திரீய சங்கீதத்தில் தேர்ந்தவருமான என்னியோ மோரிகோனி (1928–2020). அமெரிக்க நாட்டுப்பாடகர் உடி கத்ரியின் பாட்டு ஒன்றுக்கு அவர் முன்பு அமைத்துக் கொடுத்திருந்த பின்னணி லியோனியின் மனத்தைக் கவர்ந்தது. அதையே ஆதாரமாகக் கொண்டு சீழ்க்கையும் கிடாரும் சாட்டையொலியும் மணியோசையும் சேர்ந்த முகப்பிசை உருவாயிற்று. பெரிய வாத்தியக்குழுவை அமர்த்தப் பொருள்வசதி இல்லாத சூழ்நிலையே இந்தச் சிக்கனமான சிருஷ்டிக்கு வழி திறந்தது.

அந்தக் கிடாரின் நாதம் எங்கிருந்து வந்தது? 1958-இல் அமெரிக்கரான டுவேன் எடி, மெல்லிய தந்திகளை விட்டுவிட்டுத் தடித்த மந்திரத் தந்திகளில் மெட்டை வாசித்து, அந்த ஒலியை ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் ஒலிக்கச் செய்து, தொட்டியின் எதிரொலியோடு பதிவு செய்தார்; கணீரென்று எழுந்து நெடுநேரம் அதிர்ந்து அடங்கும் நாதம் கிடைத்தது. 1960-இல் இங்கிலாந்தின் ‘ஷாடோஸ்’ குழு ‘அப்பாச்சி’ என்ற வாத்திய இசையை வெளியிட்டது; ஒரு கௌபாய் படத்தின் நினைவில் எழுந்த அந்த மெட்டை வாசித்த ஹாங்க் மார்வின் பயன்படுத்திய எதிரொலிக் கருவியோ இத்தாலியத் தயாரிப்பு. இதே காலத்தில் கலிஃபோர்னியாக் கடற்கரையில் அலைச்சறுக்கு வீரரும் கிடார் வித்துவானுமான டிக் டேல், ஒரே தந்தியை இடைவிடாமல் மீட்டி, அலையின் வேகத்தைக் காதுக்குக் கொண்டுவர முயன்றார்; அவ்வகை இசைக்கு ‘சர்ஃப்’ என்றே பெயராயிற்று. சுருள்கம்பியின் வழியே ஒலியைச் செலுத்தி, ஈரம் சொட்டுவது போன்ற அதிர்வை உண்டாக்கும் கருவி அதன் அடையாளமாயிற்று.

டிக் டேல் 1962-இல் புகழ்பெறச் செய்த ‘மிஸிர்லூ’ கீழை மத்தியதரைக் கடற்கரைகளில் வழங்கிவந்த பழைய மெட்டு. லெபனான் வழிவந்த அவர், தம் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் ஊத் என்னும் தந்தி வாத்தியம் வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர். அந்த மெட்டின் ஸ்வர அடுக்கைப் பார்த்தால், நம் குழந்தைகள் சரளி வரிசை பாடத் தொடங்கும் மாயாமாளவகௌளையின் அடுக்கே அது என்று தெரியவரும். கௌபாய் இசைக்கு மற்றோர் ஊற்றான ஸ்பானியக் கிடார் மரபில் பெரிதும் பயிலும் ஸ்வர அடுக்கு நமது தோடிக்கு உரியது. மோரிகோனி மெட்டுகளில் அடிக்கடி கேட்கும் சோகச் சாயலுள்ள அடுக்கு நடபைரவிக்கு உரியது. கமகமும் ராக லட்சணமும் வேறாகையால் இவற்றை ராகங்கள் என்று சொல்வது பொருந்தாது. ஆயினும் முற்றிலும் அந்நியமென்று நாம் கருதிய இசையில் நம் செவிக்கு ஏதோ ஒரு பரிச்சயம் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

வாத்தியங்களிலும் இந்தப் பரிச்சயம் புலப்படுகிறது. 1965-இல் வந்த ‘ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்’ படத்தின் முகப்பிசையில் ரீங்காரமிடுவது, சிசிலித் தீவினர் வாசிக்கும் நாட்டு வாத்தியம். மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் பக்கத்தில் அமர்ந்து நம் கச்சேரிகளில் ஒலிக்கும் மோர்சிங்கின் உடன்பிறப்பு அது. இப்படிக் கடலோர மக்கள் தந்த கிடார், கடலோர மக்கள் தந்த மெட்டு, தீவினர் தந்த மோர்சிங் எல்லாம் சேர்ந்து பாலைநிலத்தின் குரலாயின. ஒவ்வொரு திணைக்கும் தனித்தனி யாழை வகுத்த நம் முன்னோர், நிலத்துக்கும் நாதத்துக்கும் உள்ள சம்பந்தத்தை நன்கு அறிந்திருந்தனர். அந்தச் சம்பந்தம் மண்ணில் தானே முளைப்பதன்று. கலைஞனின் கற்பனையால் நிறுவப்படுவது என்பதை இந்த இத்தாலிய இசை நமக்கு உணர்த்துகிறது.

தமிழ்நாட்டுக்கும் இந்த நாதம் விரைவிலேயே வந்து சேர்ந்தது. ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான கர்ணன் ‘காலம் வெல்லும்’ (1970), ‘ஜக்கம்மா’ (1972) முதலிய படங்களில் ஜெய்சங்கரைக் குதிரையேற்றிச் செம்மண் காடுகளில் ஓடவிட்டபோது, சங்கர்–கணேஷ் இரட்டையரின் இசை அவருக்குத் துணைநின்றது. பிற்காலத்தில் சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ (2010), கார்த்திக் சுப்புராஜின் ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’ (2023) ஆகியவை அந்த மரபை நம் மண்ணின் கதைகளோடு பிணைத்தன.

இவ்வரலாற்றில் என் நெஞ்சைத் தொடுவது ஒன்று உண்டு. உலகமே மோரிகோனியின் பெயரைச் சொல்லிப் புகழும்போது, ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ படத்தின் சீழ்க்கைக்கும் கிடாருக்கும் உரிய அலெஸ்ஸாந்திரோ அலெஸ்ஸாந்திரோனியின் பெயரையும், ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ (1966) படத்தில் கிடார் வாசித்த புரூனோ பட்டிஸ்டி டமாரியோவின் பெயரையும், சொல்லில்லாக் குரலால் அவ்விசைக்கு உயிரூட்டிய எட்டா டெல்லோர்சோவின் பெயரையும் ரசிகர்கள் தேடி அறிந்து போற்றிவருகிறார்கள். நம் நாட்டில் ‘இளைய நிலா’ பாட்டின் கிடாரை மெய்ம்மறந்து கேட்டவர் லட்சக்கணக்கானோர். அதை வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்று அறிந்தவர் எத்தனை பேர்? இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் கிடார் வாசித்த சதானந்தத்தை அறிந்தவர் எத்தனை பேர்? கர்ணனின் குதிரைகளுக்கு வேகம் ஊட்டிய விரல்கள் யாருடையவை என்பதையும் நாம் தேடித் தொகுக்க வேண்டும். முதிய வாத்தியக் கலைஞர்கள் நம்மிடையே இருக்கும்போதே அவர்களை நாடிச் சென்று, எந்தப் பாட்டில் யார் வாசித்தார், எக்கருவியை எவ்வாறு கையாண்டார் என்று கேட்டு எழுதிவைப்பது, ரசிகர்களும் இசைக் கல்லூரி மாணவர்களும் உடனே மேற்கொள்ளத்தக்க கடமை. மெட்டமைத்தவருக்கு நாம் செலுத்தும் மரியாதை, அதைத் தன் விரலால் நாதமாக்கியவரையும் சென்று சேர்ந்தால்தான் நிறைவுபெறும்.