பலமும் அமானிதமும்



மத்யனில் நபி மூஸா (அலை) அவர்கள் இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டிய சம்பவத்தை அறிவீர்கள். அவரைக் கூலிக்கு அமர்த்துமாறு தந்தையிடம் கூறிய மகள் இரு தகைமைகளையே எடுத்துச் சொன்னாள்: பலம், நம்பிக்கை. அரசாங்க ஆஸ்பத்திரிகளின் கணனி மென்பொருள் வேலைக்கு அனுபவசாலி ஒருவரைத் தேடுவோரும் இவ்விரண்டையுமே தேட வேண்டும். அவற்றை இனங்காண்பதுதான் கஷ்டம்.

அமெரிக்காவில் 2013 அக்டோபர் 1ஆம் திகதி, மக்கள் மருத்துவக் காப்புறுதி பெறுவதற்கான அரச இணையத்தளம் திறக்கப்பட்டது. இலட்சக்கணக்கானோர் மொய்த்தனர். முதல் நாளில் பதிந்து முடித்தவர்களோ வெறும் 6 பேர்! பணத்துக்குக் குறைவிருக்கவில்லை. கம்பனிகளும் ஏராளம். முழு வேலைக்கும் பொறுப்பான ஒருவர்தான் இருக்கவில்லை. பரீட்சித்துப் பார்க்கக் காலம் போதாது என்று ஆலோசகர்கள் பல மாதங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள்.

பின்னர் கூகிளில் பணிபுரிந்த மைக்கி டிக்கர்சன் போன்றோர் அழைக்கப்பட்டனர். தளம் இயங்குகிறதா, நின்றுவிட்டதா என்பதை எல்லோரும் ஒரே திரையில் பார்க்க வழி செய்வது அவர்களின் ஆரம்ப வேலைகளில் ஒன்றாக இருந்தது. கூட்டங்களில் பதவியில் உயர்ந்தவரல்ல, விடயத்தை அதிகம் அறிந்தவரே பேச வேண்டும் என்பது டிக்கர்சன் வகுத்த விதி. (நமது பள்ளி நிர்வாகக் கூட்டங்களுக்கும் இது வந்தால் நல்லது.) டிசம்பர் 1ஆம் திகதியளவில் ஒரே நேரத்தில் 50,000 பேர் பாவிக்கும் நிலைக்குத் தளம் வந்தது.

ஆகவே, நேர்முகப் பரீட்சையில் சான்றிதழ்களை எண்ணிக் கொண்டிருக்காதீர்கள். “உங்கள் பொறுப்பில் இருந்த எது பழுதானது? எப்படி அறிந்தீர்கள்? யாரிடம் சொன்னீர்கள்?” என்று கேளுங்கள். “இன்னும் தயாரில்லை” என்று மேலதிகாரியின் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவரே நம்பிக்கையாளர். நோயாளியின் இரகசியமும் அமானிதம்தான். யார், எப்போது அந்தப் பதிவைத் திறந்து பார்த்தார் என்பதும் பதியப்பட வேண்டும்.

இன்னொன்று. நம் ஊர்க் கிளினிக்கில் எம்.எம். பாத்திமா எத்தனை பேர்! ஒருவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு மற்றவரின் பதிவில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. ஓ.பி.டி. வரிசையைக் கண்ணால் கண்டிராதவருக்கு இது தோன்றுமா? இலங்கையில் 2020 ஜனவரியில், வெளிநாட்டிலிருந்து வருவோரைக் கொரோனாவுக்காகக் கண்காணிக்கும் முறையை மருத்துவத் தகவலியல் கற்ற டாக்டர்மாரும் மென்பொருளாளரும் சேர்ந்தே அமைத்தனர். பிற்பாடு பல நாடுகளும் அதைப் பின்பற்றின. இரு அறிவும் ஒரே மேசையில் இருந்ததன் பலன் அது.

காலத்தையும் முன்கூட்டியே பேசிக் கொள்ளுங்கள். மென்பொருளின் உண்மையான வேலை திறப்பு விழாவுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. மருந்துப் பட்டியல் மாறும், வாட்டுகள் கூடும், புதிய படிவங்கள் வரும். ஆறுமாத ஒப்பந்தக்காரர் அப்போது வேறு நாட்டில் இருப்பார். மத்யன் பெரியவரோ எட்டு வருடங்களுக்குப் பேசினார். பத்தாக்குவதை மூஸா (அலை) அவர்களின் விருப்பத்துக்கு விட்டார்.