கதவில்லாத வீட்டில் யாரைக் கேட்டு நுழைவது?

புதுச்சேரியில் மலை இல்லை. சொல்லிக்கொள்ளும்படியான காடும் இல்லை. ஆனாலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் கணிசமான பகுதி, கடற்கரைக்குப் பக்கத்திலுள்ள செயின்ட் லூயி தெருவிலிருந்து வந்தது. அங்கிருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955 மார்ச்சில் திறக்கப்பட்டது. பிரெஞ்சு ஆட்சி கைமாறி அப்போது ஐந்து மாதம்கூட ஆகவில்லை. முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா இந்தியவியல் அறிஞர் என்பதால் ஒருபக்கம் சைவ ஆகமச் சுவடிகள் சேர்ந்தன. மறுபக்கம் உலர்த்தி ஒட்டிய இலைகளும் காட்டு வரைபடங்களும் சேர்ந்தன. 1980-களில் ழான்-பியேர் பஸ்கால் தலைமையில், ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர் என்ற அளவில் தென்னிந்தியக் காடுகளின் வரைபடங்கள் வெளிவந்தன. குடகு மாவட்டத்தின் உப்பங்களாவில் 1990 வாக்கில் தொடங்கி, குறித்துவைத்த அதே மரங்களைத் திரும்பத் திரும்ப அளந்து வருகிறார்கள். இந்த வேலைகளை நம்பி பிரான்சிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள். சில மாதம் நகரத்தில் இருந்து, நாலு வார்த்தை தமிழ் கற்று, பஸ் பிடித்து மலைக்குப் போகிறார்கள். நம் பிள்ளைகளும் இப்போது வெளிநாட்டுப் படிப்பின் பகுதியாக போர்னியோவுக்கும் அமேசானுக்கும் போய், பழங்குடிக் குடியிருப்பில் தங்கிப் படம் எடுத்து வருகிறார்கள். இரண்டு பயணத்துக்கும் பொதுவாக ஒரு கேள்வி உண்டு: காட்டில் வாழ்கிறவருக்கு, 'வராதே' என்று சொல்லும் அதிகாரம் இருக்கிறதா? அது இருந்தால்தான் வருகிறவர் விருந்தாளி என்பது என் கட்சி. இல்லாவிட்டால், எத்தனை நல்ல மனதோடு வந்தாலும் அவர் கணக்கெடுக்க வந்தவர்தான்.

இப்படிச் சொல்லக் காரணம் பழைய ஏடுகளிலேயே இருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்கின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து மனிதர்களை வகைப்படுத்தலாம் என்று நம்பிய காலம் அது. ஆனைமலைக் காடர்கள் முன்பற்களைக் கூராகச் செதுக்கிக்கொள்வதும் மூங்கில் சீப்பு செய்வதும் அவர் குறிப்புகளில் உண்டு. வயநாட்டில் பணியர் பெண்கள் தன்னைக் கண்டதும் ஓடிவிட்டதையும் அவரே வேடிக்கையாக எழுதிவைத்திருக்கிறார். தங்களில் லட்சணமானவர்களைப் பிடித்து, பஞ்சடைத்து அருங்காட்சியகத்தில் நிறுத்திவிடுவார் என்று அவர்கள் பயந்தார்களாம். எனக்கு அந்தப் பெண்கள் தவறாகப் புரிந்துகொண்டதாகத் தோன்றவில்லை. செத்த விலங்குகளுக்குப் பஞ்சடைக்கும் இடத்திலிருந்து ஓர் ஆள் அளவுகோலோடு வந்தால் வேறு என்ன நினைப்பது?

எல்லா வருகையும் அப்படியல்ல என்ற மறுப்பு நியாயமானது. இஸ்லாத்தைத் தழுவி, நாஜிகளுக்குத் தப்பி இந்தியா வந்த ஆஸ்திரியர் உமர் ரோல்ஃப் எரன்ஃபெல்ஸ் பிற்பாடு சென்னைப் பல்கலைக்கழக மானிடவியல் துறைத் தலைவரானார். கொச்சிக் காடர்களைப் பற்றிய அவருடைய புத்தகம் 1952-இல் வந்தது. வெட்டிய மரங்களை இறக்குவதற்காக 1907-இல் ஓடத் தொடங்கிய டிராம் பாதையும் அதோடு வந்த ஒப்பந்தக்காரர்களும் ஏற்கெனவே காட்டைத் திறந்துவிட்டிருந்த காலத்தில் அவர் போனார். அந்தத் தொடர்பு காடர்களை என்ன செய்தது என்பதைக் கவலையோடு எழுதினார். அவர் போகாதிருந்தால் பல விஷயங்கள் பதிவாகியே இருக்காது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற நம் ஊர்க் கணக்கை மீறி மாதக்கணக்கில் தங்குகிற ஆய்வாளரால் நன்மை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தர்ஸ்டனை நிறுத்த வழியில்லாத காடருக்கு எரன்ஃபெல்ஸைத் தேர்ந்தெடுக்கவும் வழியில்லை. நல்லவர் வந்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு சமூகம் தன் வாசலைத் திறந்தே வைத்திருக்க வேண்டுமா?

'மாணவர் என்ன கம்பெனிக்காரரா? ஒரு ஆய்வேடு எழுதப் போகிறார், அதில் யாருக்கு என்ன நஷ்டம்?' என்பது அடுத்த மறுப்பு. இதற்கு அகத்தியமலையில் பதில் கிடைக்கிறது. 1987-இல் ஓர் ஆய்வுக் குழு காணிப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக வைத்துக்கொண்டு மலையேறியது. வந்தவர்களுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிகளோ ஏதோ சிறு காயை மென்றபடி அலுக்காமல் நடந்தார்கள். அது என்னவென்று கேட்டதற்கு முதலில் தயங்கினார்கள். வெளியாருக்குச் சொல்லக்கூடாத செய்தி அது. வற்புறுத்தலுக்குப் பிறகு காட்டிய செடிதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1990-களின் நடுவில் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கு உரிமம் கொடுத்தது. கிடைக்கும் வருமானத்தில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அதைப் பெற்றுக்கொள்ள 1997-இல் ஓர் அறக்கட்டளையும் பதிவானது. உலகமே பாராட்டிய ஏற்பாடு இது, பாராட்டத்தக்கதும்தான். ஆனால் காணிக் குடியிருப்புகள் எல்லாவற்றையும் கேட்டா அந்த ரகசியம் வெளியே போனது என்ற மனத்தாங்கல் அவர்களுக்குள்ளேயே எழுந்தது. பங்கு பிரிக்கும் பேச்சு வந்தபோது செய்தி கைமாறிப் பல வருடமாகிவிட்டது. அந்த மலையில் கேள்வி கேட்டவர்கள் யாரும் வியாபாரிகள் அல்லர், படித்தவர்கள். காட்டில் கேட்டதை அச்சேற்றிவிட்டால் பிறகு அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மாணவரின் ஆய்வேடும் இதற்கு விலக்கில்லை.

இன்னொரு மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது: இப்படியெல்லாம் தடுத்தால் பழங்குடிகளைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவைத்ததாகிவிடாதா? அந்தமானை நினைத்தால் இந்தப் பயம் வரும். அங்கே ஜாரவாக்களின் காட்டுக்குள் போகும் சாலையை மூடும்படி உச்ச நீதிமன்றம் 2002-இலேயே உத்தரவிட்டும் சுற்றுலா வண்டிகள் வரிசைகட்டின, 2012-இல் பெண்களை ஆடவைத்த வீடியோவும் வெளியானது. பிரெஞ்சு அரசும் தன் தென்னமெரிக்கப் பகுதியான கயானாவில், வயானா மக்கள் வாழும் தெற்குக் காட்டுக்கு 1970 முதல் அதிகாரியின் அனுமதி இல்லாமல் போகக்கூடாது என்று வைத்தது. (19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றியது இதே கயானாவுக்கும்தான்.) அந்தத் தடை மாணவரை நிறுத்தியது, கள்ளத்தனமாகத் தங்கம் எடுப்பவரை நிறுத்தவில்லை. அவர்கள் கொட்டிய பாதரசம் ஆற்று மீன் வழியாக வயானா குழந்தைகளின் உடலுக்குள் போயிருக்கிறது. அரசாங்கம் பூட்டிவைக்கும் கதவு என் வாதத்துக்கு உதவாது. நான் கேட்பது, சாவி உள்ளே இருப்பவரிடம் இருக்க வேண்டும் என்பதை.

அதற்கு ஓர் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 2006-இன் வன உரிமைச் சட்டம், காட்டின் பல்லுயிர்களைப் பற்றிய மரபறிவின் மீதான சமூக உரிமையைப் பெயர் சொல்லியே அங்கீகரிக்கிறது. அந்தச் சட்டத்தின்படி 2014-இல் கேரளத்தின் வாழச்சாலில் ஒன்பது காடர் குடியிருப்புகள் ஏறக்குறைய 400 சதுர கிலோமீட்டர் காட்டின் மீது சமூக உரிமை பெற்றன. அதிரப்பள்ளி அணைத் திட்டத்தை எதிர்த்து அங்கே கிராம சபைகள் தீர்மானம் போட்டன. தேனும் கருங்குங்கிலியமும் எடுத்துவந்த காடர்கள், முன்பு கூட்டிலிருந்து இருவாச்சிக் குஞ்சுகளையும் எடுத்தவர்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஆய்வாளர்களோடு சேர்ந்து அந்தக் கூடுகளைக் காத்து, கணக்கு வைத்து வருகிறார்கள். இங்கே வரும் மாணவர் ஊரைக் கூட்டி, என்ன படிக்கப்போகிறேன், எழுதியதை எப்போது கொண்டுவந்து வாசித்துக்காட்டுவேன் என்று சொல்ல வேண்டிவரும். சிலருக்கு 'வேண்டாம்' என்ற பதிலும் கிடைக்கும். படிப்பு தாமதப்படும், விசா முடிந்துவிடும், உதவித்தொகை கரைந்துவிடும் என்பதெல்லாம் உண்மையான சிரமங்கள். அவற்றை ஆறு மாதத்தில் ஆய்வேடு கேட்கும் பல்கலைக்கழகம்தான் தீர்க்க வேண்டும். வனத்துறையின் அனுமதிக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, ஊராரின் சம்மதமும் அதில் அடங்கும் என்று நினைப்பது தீர்வாகாது.

காடர் என்ற ஒரே மக்களுக்கு மலையின் இரண்டு பக்கமும் ஒரே அந்தஸ்து இல்லை என்பதையும் அந்த மாணவர் போகும் வழியில் தெரிந்துகொள்வார்: மிகவும் நலிந்த பழங்குடிகள் பட்டியலில் கேரளத்தில் அவர்கள் இருக்கிறார்கள், தமிழ்நாட்டில் இல்லை. அதைவிட விசித்திரமானதைப் பார்க்க அவர் புதுச்சேரியை விட்டே கிளம்ப வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அந்த நலிந்த பழங்குடிப் பட்டியலில் இருக்கும் இருளர்கள், தமிழ்நாட்டு ஊர்களும் புதுச்சேரி ஊர்களும் வயலுக்கு வயல் பின்னிக் கிடக்கும் இந்த மண்ணில், எல்லையைத் தாண்டி வந்ததும் சட்டத்தின் கண்ணில் பழங்குடியாக இருக்கவில்லை. தூரத்து மலைக்காடுகளுக்கு வரைபடம் போட்ட இந்த ஊரில் அட்டவணைப் பழங்குடி என்று ஒருவர்கூட இல்லாமல்தான் அரசுக் கணக்கு இருந்தது. வில்லி, வேட்டைக்காரர் உட்பட இருளர்களைச் சேர்த்துக் குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது 2016 டிசம்பரில்.