விபிஎன் போட்டால் யார் கண்ணிலும் படமாட்டோமா?

"விபிஎன் போட்டாச்சு, இனி நான் என்ன பார்க்கிறேன்னு யாருக்கும் தெரியாது." கொழிஞ்சாம்பாறையிலும் சரி, மூணாறிலும் சரி, கல்லூரிப் பிள்ளைகள் பலரின் நம்பிக்கை இதுதான். இதில் பாதி உண்மை. சிக்கல் மீதிப் பாதியில் இருக்கிறது.

முதலில் உண்மையான பாதியைப் பார்ப்போம். மூணாறில் ஒரு விடுதியின் வைஃபையில் போனை இணைத்து, ஓர் இணையதளத்தைத் திறக்கிறீர்கள். அதன் முகவரி 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்கினால், அங்கே நீங்கள் படிப்பதும் டைப் செய்வதும் நடுவில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது வைஃபை வைத்திருப்பவருக்கும் இணைய சேவை நிறுவனத்துக்கும் பெரும்பாலும் தெரிந்துவிடும். விபிஎன் மறைப்பது இதைத்தான். நீங்கள் திறக்கும் தளத்துக்கும் உங்கள் ஐபி முகவரி தெரியாது, விபிஎன் சர்வரின் முகவரிதான் தெரியும்.

வாளையார் செக்போஸ்ட்டில் தார்ப்பாய் கட்டிய லாரி ஒன்று கடந்து போவதாக வைத்துக்கொள்ளுங்கள். லாரி போவது தெரியும், சரக்கு எங்கே இறங்கப்போகிறது என்பது தெரியாது. ஆனால் டிரைவருக்குத் தெரியுமே? விபிஎன் நிறுவனம்தான் அந்த டிரைவர்.

அப்போ அந்த டிரைவர் யார் என்று கேட்க வேண்டாமா? நம்மில் பலர் கேட்பதில்லை. 'ஃப்ரீ' என்று பார்த்ததும் இறக்கிவிடுகிறோம்.

ஒனாவோ என்ற இலவச விபிஎன் செயலியை 2013-ல் ஃபேஸ்புக் வாங்கியது. உங்கள் தகவலைப் பாதுகாக்கிறோம் என்று விளம்பரம் செய்துவிட்டு, மக்கள் போனில் எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரத்தைத் தன் வியாபாரத்துக்கு எடுத்துக்கொண்டது. 2018-ல் ஆப்பிள் கடையிலிருந்து அது நீக்கப்பட்டது, அடுத்த ஆண்டே மூடப்பட்டது. ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2023-ல் இதற்காக விதித்த அபராதம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர். அவ்வளவு பெரிய நிறுவனமே இப்படி என்றால், பெயர் தெரியாத இலவச விபிஎன்களைப் பற்றி என்ன சொல்ல?

சரி, இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவது குற்றமா? பொதுவாக இல்லை. ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் மட்டும் அவ்வப்போது தடை உத்தரவுகள் வந்துள்ளன. ஆனால் 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், ஐபி முகவரி, எதற்காகப் பயன்படுத்துகிறார் என்பதையெல்லாம் விபிஎன் நிறுவனங்கள் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இதை ஏற்க மறுத்து எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன், சர்ஃப்ஷார்க் போன்றவை இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன.

இன்னொன்று. விபிஎன் போட்டுவிட்டு உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்தால், நீங்கள் யார் என்று கூகுளுக்குத் தெரியும். ஜிபிஎஸ் ஆனில் இருந்தால் அனுமதி பெற்ற செயலிக்கு உங்கள் இடமும் தெரியும். அதாவது, வழியில் எட்டிப் பார்ப்பவரை விபிஎன் தடுக்கும். நாமே கையில் கொடுப்பதை அதனால் தடுக்க முடியாது.

எல்லைப் பகுதி தமிழர்களுக்கு இதுதான் முக்கியம். சித்தூர் தாலுகாவிலும் தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட்டுகளிலும் மலையாளம் பேச வரும், வாசிக்க வராது என்பவர்கள் நிறையப் பேர். ரேஷன் கார்டு திருத்தம், சாதிச் சான்றிதழ், பென்ஷன் என்று எதற்கும் அக்ஷயா மையத்துக்கோ ஆன்லைன் கடைக்கோ போகிறோம். ஆதாரைக் கொடுக்கிறோம், போனையே நீட்டுகிறோம், ஓடிபி வந்ததும் சத்தமாகப் படித்துச் சொல்கிறோம். அங்கே இருப்பவர் நல்லவராகவே இருக்கட்டும். அந்தக் கம்ப்யூட்டரில் உங்கள் ஃபைல் கிடக்கிறதே.

ஆதாரின் 12 இலக்கங்களில் கடைசி 4 மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' யுஐடிஏஐ தளத்திலேயே கிடைக்கிறது. முழு எண் கட்டாயம் இல்லாத இடத்தில் அதைக் கொடுங்கள். கைரேகையை எம்ஆதார் செயலியில் பூட்டி வைக்கலாம், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். ஓடிபி எதற்காக வந்தது என்று எஸ்எம்எஸ்ஸிலேயே இருக்கும். இங்கிலீஷில் இருந்தால் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும், "சேட்டா, ஃபைலை டெலீட் பண்ணிடுங்க" என்று சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

கடன் செயலி இன்னும் மோசம். 2021-ல் ரிசர்வ் வங்கியின் குழு ஆய்வு செய்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை. 'அலவ்' என்று ஒருமுறை தொட்டால் போதும், காண்டாக்ட் லிஸ்ட் மொத்தமும் போய்விடும். பிறகு சொந்தக்காரர்களுக்கெல்லாம் அசிங்கமான மெசேஜ் போகும். காண்டாக்ட்டையும் கால் பட்டியலையும் கடன் செயலி தொடக்கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. கேட்கிற செயலியை அந்த இடத்திலேயே அழித்துவிடுங்கள். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தெரிவித்த கடன் செயலிகளின் பட்டியல் ரிசர்வ் வங்கி தளத்தில் இருக்கிறது.

அப்படியென்றால் விபிஎன் வேண்டவே வேண்டாமா? விடுதி, ரயில் நிலைய வைஃபையை அடிக்கடி பயன்படுத்துபவருக்கு உதவும். காசு கொடுத்து வாங்கக்கூடிய, பதிவுகளை வைத்திருக்கிறதா என்று வெளியாட்களைக் கொண்டு தணிக்கை செய்து முடிவை வெளியிடும் நிறுவனமாகப் பாருங்கள். வங்கி வேலையை மட்டும் செய்வதென்றால் வைஃபையை அணைத்துவிட்டு சொந்த மொபைல் டேட்டாவில் செய்தாலே போதும்.

பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு. வீடு பூப்பாறையில், வங்கிக் கணக்கு போடியில் என்றால் எங்கே புகார் கொடுப்பது என்ற குழப்பம் வரும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் பக்கத்து ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாம். "இது எங்க லிமிட் இல்ல" என்று திருப்பி அனுப்பினால், இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.